புதுப்பிப்பு: பீரோ ஒழித்தாச்சு, பட்டுப்புடவையை என்ன செய்வது?

போன பதிவில், பீரோவை முழுசாகக் காலி பண்ணி, ஒரு வருஷமாகக் கட்டாத புடவைகளைத் தனியே எடுக்கச் சொல்லியிருந்தேன். பட்டுப்புடவையைப் பற்றிச் சொல்லாமல் விட்டுவிட்டீர்களே என்று பலர் கேட்டிருந்தீர்கள். நியாயம்தான், ஐப்பசி அடைமழைக்கு முன்னால் நம் காவிரி டெல்டா வீடுகளில் முதலில் கவனிக்க வேண்டியதே அதுதான்.

கடையில் கொடுத்த பிளாஸ்டிக் உறையிலேயே வைக்காதீர்கள். ஈரம் உள்ளேயே நின்று பூஞ்சை பிடிக்கும். துவைத்த பழைய வெள்ளை வேட்டியைக் கிழித்து, புடவைக்கு ஒரு துண்டாகச் சுற்றுங்கள். ஜரிகை உள்பக்கம் இருக்கட்டும். ஒன்றன்மேல் ஒன்றாக 5, 6 போதும். கும்பகோணம் பக்கத்துத் திருபுவனத்தில் நெய்யும் பட்டு, விசிறி போல அடுக்கடுக்காக மடித்த விசிறி மடிப்பில் அழகாகத்தான் வரும். அப்படியே வருஷக்கணக்கில் விட்டால் மடிப்பு விழுந்த கோட்டிலேயே இழை விட்டுப்போகும். 3 மாதத்துக்கு ஒருமுறை பிரித்து, நிழலில் ஒரு மணி நேரம் காற்றாட விட்டு, பழைய கோட்டில் இல்லாமல் வேறு கோட்டில் மடித்து வையுங்கள். வெயில் வேண்டாம், சாயம் வெளிறும்.

அந்துருண்டை ஜரிகையில் படவே கூடாது. பூச்சி வராமலிருக்க, துணியில் முடிந்த வசம்பு நல்லது. வேப்பிலை என்றால் சருகாகக் காய்ந்தது மட்டும். பச்சை இலை கறையாகும்.

பீரோவின் முதுகுத் தகடு சுவரை ஒட்டியிருந்தால் சுவர் ஈரம் ஏறி இத்தனையும் வீண். 4 விரல் இடைவெளி விடுங்கள். கீழ்த்தட்டில் போர்வை, ஜமக்காளம். பட்டு நடுத்தட்டில்.