ஆல்பத்தில் அரக்குப் புடவை செங்கல் நிறமானது: மானிட்டரை அளப்பதா, லேபைத் திட்டுவதா?

காவேரிப்பட்டணம் ஆல்பம்:
போன முகூர்த்தத்தில் எடுத்த கல்யாணம். புடவை நல்ல அரக்கு. திரையில் பார்த்துப் பார்த்துத் திருத்தித்தான் அனுப்பினேன். ஆல்பம் வந்தால் புடவை செங்கல் நிறம், படமெல்லாம் ஒரே இருட்டு. பெண்ணின் அம்மா அந்தப் புடவையையே பையில் போட்டு எடுத்து வந்து, ஆல்பத்தின் மேல் விரித்துக் காட்டினார். எனக்குப் பேச்சு வரவில்லை. ஆல்பம் அச்சடித்த லேபில் கேட்டால் மானிட்டரை காலிபரேட் பண்ண, அதாவது திரை நிறத்தை அளந்து சரிக்கட்டச் சொல்கிறார்கள். இலவச சாஃப்ட்வேர் இருக்கிறதாமே, வேலைக்கு ஆகுமா?

பாலக்கோடு பிளெக்ஸ்:
இருபது வருஷமாக பிளெக்ஸ் அடிக்கிறேன். காலிபரேஷன் இல்லாமல்தான் பிழைப்பு ஓடுகிறது. லேபில் ஒரு சின்ன பிரிண்ட் போட்டு வாங்குங்கள். திரைக்குப் பக்கத்தில் வைத்து, இரண்டும் ஒத்துப்போகும்வரை மானிட்டர் பட்டனை அமுக்குங்கள். டீ காசில் முடிந்தது.

தர்மபுரி லினக்ஸ்:
அண்ணே, கண்ணை நம்பி இதைச் செய்ய முடியாது. நீலம் ஏறிய திரையை அரை மணி நேரம் பார்த்தால் கண் அதையே வெள்ளை என்று எடுத்துக்கொள்ளும். கடையிலிருந்து வரும் மானிட்டர் பெரும்பாலும் நீலமாகவும், கண் கூசும் பிரைட்னஸிலும் இருக்கும். நீலத்தைச் சரிக்கட்ட நீங்கள் படத்தில் மஞ்சளும் சிவப்பும் ஏற்றுவீர்கள், பளிச்சென்று தெரிவதால் இருட்டாக்குவீர்கள். காவேரிப்பட்டணத்து அரக்கு செங்கல் ஆனது இப்படித்தான் இருக்கும். லேபை ஏன் திட்ட வேண்டும்?

இதற்கான சாஃப்ட்வேர், கிரேம் கில் எழுதிய ஆர்கில் சிஎம்எஸ், இலவசம், திறமூலம். கட்டளை தட்டப் பயமாக இருந்தால் அதன் மேல் ஓடும், பட்டன் அமுக்கி வேலை வாங்கும் டிஸ்ப்ளேகால் இருக்கிறது. பழையது பைத்தான் என்ற நிரல்மொழியின் பழைய பதிப்பான 2-இல் நின்றுவிட்டது, பைத்தான் 3-க்கு மாற்றியதை எடுங்கள். வேலை இரண்டு. வெள்ளையை 6500 கெல்வினுக்கும் (எண் கூடினால் நீலம் கூடும்), கருப்பிலிருந்து வெள்ளைக்கு வெளிச்சம் ஏறும் விதமான காமாவை 2.2-க்கும் கொண்டுவருவது காலிபரேஷன். அதற்குப் பிறகும் இந்தத் திரை எந்த நிறத்தை எப்படிக் காட்டுகிறது என்று எழுதிவைக்கும் ஐசிசி கோப்புதான் ப்ரொபைல். அப்புறம், திரையில் வைத்து நிறத்தை அளக்கும் மீட்டர் ஒன்று வேண்டும். சாஃப்ட்வேருக்குக் கண் கிடையாது.

பாலக்கோடு பிளெக்ஸ்:
அப்படி வாங்க வழிக்கு! பந்தி இலவசம், இலைக்குக் காசு. அந்த மீட்டர் விலையில் பழைய லென்ஸ் ஒன்று வாங்கலாம். என் மானிட்டர் மாடலுக்கே யாரோ போட்டிருந்த ப்ரொபைலை இறக்கிப் பார்த்தேன். எல்லா முகமும் பச்சை.

தர்மபுரி லினக்ஸ்:
அடுத்தவர் மூக்குக்கண்ணாடியைப் போட்டுவிட்டுக் கண் தெரியவில்லை என்கிறீர்கள். ஒரே மாடலில் இரண்டு மானிட்டர்கூட ஒன்றுபோல இருக்காது, பழசாகப் பழசாக இன்னும் விலகும். மீட்டருக்குக் காசு வேண்டும், அதை மறுக்கவில்லை. ஆனால் மாதம் ஒரு தடவை வேலை. நாலு ஸ்டுடியோ சேர்ந்து ஒன்று வாங்கினால் போதும். கம்பெனி சாஃப்ட்வேர் கைவிட்ட பழைய மீட்டர் பலவற்றையும் ஆர்கில் ஓட்டும்.

ஓசூர் லேபிள் டிசைன்:
நான் மீட்டர் வைத்தே கெட்டவன். மாம்பழக்கூழ் டின் லேபிள், பச்சையிலிருந்து மஞ்சளுக்கு மெதுவாக இறங்கும் பின்னணி. காலிபரேட் செய்த மறுநாள் அதில் வரி வரியாகப் பட்டை. அச்சிலா என்று பார்த்தால் இல்லை, திரையில் மட்டும்.

தர்மபுரி லினக்ஸ்:
வெள்ளையைச் சரிசெய்யும் பாரம் முழுவதையும், திரைக்குப் படம் அனுப்பும் வீடியோ கார்டு மேல் போட்டிருப்பீர்கள். நிறத்துக்கு 256 படிதான், அதில் நீலத்தை வெட்டினால் படி குறைந்து பட்டை தெரியும். முதலில் மானிட்டர் பட்டனிலேயே சிவப்பு, பச்சை, நீலத்தை 6500 பக்கத்துக்குக் கொண்டுவாருங்கள், மிச்சத்தை ஆர்கில் பார்க்கும். லேப்டாப்பில் அந்தப் பட்டன் இல்லை. அதில் வெள்ளையை இருக்கிறபடி விட்டுவிடுவதே நல்லது.

பாலக்கோடு பிளெக்ஸ்:
எல்லாம் சரி தம்பி. என் வாடிக்கையாளர் டிசைனை வாட்ஸ்அப்பில் பார்த்து ஓகே சொல்கிறார். அந்த போனுக்கு யார் மீட்டர் வைப்பது?

தர்மபுரி லினக்ஸ்:
அதற்கு என்னிடம் பதில் இல்லை. பிளெக்ஸுக்கு உங்கள் வழி போதும், ஐம்பதடி தள்ளி நின்று பார்ப்பது. மடியில் வைத்துப் புரட்டும் ஆல்பத்துக்குப் போதாது.

காவேரிப்பட்டணம் ஆல்பம்:
ஒரு நண்பரிடம் மீட்டர் இரவல் வாங்கினேன். மானிட்டரை அரை மணி நேரம் சூடேற விட்டு, மீட்டரைத் திரையில் தொங்கவிட்டு, முதலில் அறிக்கை மட்டும் எடுத்தேன். வெள்ளை 8000 கெல்வினுக்கு மேல், வெளிச்சம் 270 கேண்டெலா. 6500-க்கும் 110-க்கும் இறக்கினேன். சாம்பல், சிவப்பு, பச்சை என்று கட்டம் கட்டமாக மாறிக்கொண்டிருந்தபோது பாதியில் கரண்ட் போனது தனிக்கதை. முடித்த பிறகு திரை பழுப்பாக, செத்த மாதிரி தெரிந்தது. இரண்டு நாளில் பழகிவிட்டது. பழைய கோப்பைத் திறந்தால் அதே செங்கல் புடவை, இந்தத் தடவை என் திரையிலேயே!

திருத்தி, என் செலவில் மறுபடி அடித்தேன். புடவையை மேலே வைத்தால் கிட்டத்தட்ட அதே அரக்கு.

பாலக்கோடு பிளெக்ஸ்:
அந்த அம்மா என்ன சொன்னார்?

காவேரிப்பட்டணம் ஆல்பம்:
"புடவை சரிங்க. ஆனா முதல் ஆல்பத்துல மாப்பிள்ளை சட்டை தங்கமா மின்னுச்சே, இதுல வெறும் சந்தனக் கலரா இருக்கு" என்றார். வாங்கினதே சந்தனக் கலர்தான். இரண்டு ஆல்பத்தையும் எடுத்துக்கொண்டு போய்விட்டார்.