எங்கள் தமிழ் பாட்காஸ்ட்டுக்குப் பேச ஆள் வேண்டும்

வணக்கம். மலேசியாவின் சுங்கை சிப்புட்டிலிருந்து எழுதுகிறேன். நானும் சக்கர நாற்காலியில் இருக்கும் என் தங்கையும் மாற்றுத்திறனாளிகளின் உரிமை, அன்றாட வாழ்க்கை பற்றித் தமிழில் பாட்காஸ்ட் தொடங்குகிறோம்.

முக்கியமாகத் தோட்டத்தில் வளர்ந்தவர்கள் வந்து பேச வேண்டும். லயத்து வீட்டின் உயரமான வாசற்படி, மழை பெய்தால் சக்கரம் புதையும் செம்மண் பாதை, கடைவரிசை முன்னுள்ள ஐந்தடி நடைபாதையில் வழியை மறித்து நிற்கும் மோட்டார் சைக்கிள்கள், இதையெல்லாம் பட்டவர்கள்தானே சொல்ல முடியும்? "ஐயோ பாவம்" கதை மட்டும் வேண்டாம். தங்கைக்குக் கேட்டாலே கோபம் வந்துவிடும்.

சட்டம் தெரிந்த ஒருவரும் தேவை. மலேசியாவின் 2008ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் சட்டம் பொதுக் கட்டடங்களையும் பொதுப் போக்குவரத்தையும் பயன்படுத்தும் உரிமை உண்டு என்கிறது. ஆனால் அதை மறுப்பவருக்குத் தண்டனை எதுவும் சொல்லவில்லை. அப்படியிருக்க, படி மட்டுமே உள்ள அலுவலகத்தில் போய் எதைக் காட்டிக் கேட்பது? மாற்றுத்திறனாளி என்பதற்கு அரசு தரும் ஓகேயு (OKU) அட்டையையா? இதை நம் அம்மாக்களுக்கும் புரிகிற மாதிரி விளக்க வேண்டும்.

அப்புறம், காது கேளாதவர்களுக்காக எழுத்து வடிவமும் போட ஆசை. செயலியிடம் கொடுத்தால் மலாய் கலந்த நம் தமிழைக் கடித்துக் குதறிவிடுகிறது. வேகமாகத் தமிழ் தட்டச்சு செய்பவர், மலேசிய சைகை மொழி தெரிந்த தமிழர் யாராவது இருக்கிறீர்களா?

சம்பளம் தர வசதியில்லை, தேநீரும் வடையும் உண்டு. பதிவு ஞாயிறு பிற்பகலில், எங்கள் வீட்டில். வர முடியாதவர்கள் வாட்ஸ்அப்பில் குரல்பதிவு அனுப்பினாலும் சரி. ஆர்வம் உள்ளவர்கள் தனிச்செய்தி போடுங்கள்.