புதிதாகச் சிங்கப்பூர் வந்திருக்கும் பெற்றோருக்கு: அறிவியலைத் தள்ளிப்போடாதீர்கள்

ஒருவர் சம்பளத்தில் வீட்டு வாடகையும் கட்டிப் பிள்ளைகளைப் படிக்கவைக்கும் குடும்பங்கள், துணைப்பாடம் என்று வரும்போது ஆங்கிலத்தையும் கணிதத்தையும் மட்டும் பார்த்துக்கொண்டு அறிவியலைப் பிறகு கவனிக்கலாம் என்று விட்டுவிடுகின்றன. வெளிநாட்டுப் பிள்ளைகளுக்கான ஏஇஐஎஸ் நுழைவுத் தேர்வில் அந்த இரண்டு பாடங்களே இருப்பதால் அப்படித் தோன்றுவது இயல்புதான். ஆனால், இங்கே அறிவியல் தொடக்கநிலை 3-லேயே தொடங்கிவிடுகிறது. தொடக்கநிலை 6-ல், தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வான பிஎஸ்எல்இயின் நான்கு பாடங்களுள் ஒன்றாக, மற்ற மூன்றுக்கும் சமமான மதிப்போடு நிற்கிறது. இடையில் வந்து சேரும் பிள்ளைக்கு முந்தைய ஆண்டுகளின் பாடம் விட்டுப்போயிருக்கும் என்பதால், பள்ளியில் சேர்ந்தவுடனேயே வகுப்பாசிரியரிடம் பழைய பயிற்சித்தாள்களைக் கேட்டு வாங்கிவிடுங்கள்.

பல நாடுகளின் 15 வயது மாணவர்களை ஒப்பிடும் பீசா ஆய்வில், 2022-ல் சிங்கப்பூர் மாணவர்கள் 561 புள்ளிகளுடன் அறிவியலில் உலகிலேயே முதலிடம் பெற்றார்கள். அந்தச் சராசரியைக் கண்டு, வசதி குறைந்த வீட்டுப் பிள்ளைகளும் தாமாகவே முன்னேறிவிடுவார்கள் என்று இருந்துவிடக் கூடாது.

மதிப்பெண் பெரும்பாலும் எழுத்து விடைகளில்தான் போகிறது. அகலத் தட்டிலும் குறுகிய குவளையிலும் ஒரே அளவு நீர் வைத்தால் எது முதலில் வற்றும் என்ற கேள்விக்கு, “தட்டு, ஏனென்றால் அது பெரியது” என்று எழுதும் பிள்ளைக்கு விஷயம் ஓரளவு புரிந்தே இருக்கிறது; காற்றுபடும் பரப்பு அதிகம், ஆகவே நீர் விரைவாக ஆவியாகிறது என்ற காரணத்தொடரை எழுதாததால்தான் மதிப்பெண் கிடைப்பதில்லை. இதைச் சமையலறையிலேயே செய்துபார்க்கலாம். நீரின் அளவும் வைக்கும் இடமும் மாறாமல், பாத்திரத்தை மட்டும் மாற்றி, என்ன நடந்தது, ஏன் நடந்தது என்று பிள்ளையைத் தமிழிலேயே சொல்லவைத்து, பிறகு ஆங்கிலத்தில் எழுதவையுங்கள். காரணம் தெளிவாகிவிட்டால், மொழியை ஆசிரியர் திருத்திக்கொடுத்துவிடுவார்.

உதவியைப் பொறுத்தவரை, கல்வி அமைச்சின் நிதியுதவித் திட்டம் குடிமக்களுக்கு மட்டுமே உரியது. இந்தியச் சமூகத்துக்காக 1991-ல் தொடங்கப்பட்ட சிண்டா என்ற அமைப்பு, சலுகைக் கட்டணத்தில் துணைப்பாட வகுப்புகளை நடத்துகிறது. உங்கள் அனுமதி அட்டைக்கு அது பொருந்துமா என்று நேரில் கேட்டுவிடுங்கள், அக்கம்பக்கத்தார் சொல்வதை நம்பி விட்டுவிடாதீர்கள். அங்கு இடம் கிடைக்காவிட்டால், சனிக்கிழமைகளில் வட்டார நூலகத்துக்குப் பிள்ளையை அழைத்துச் செல்லுங்கள். உட்கார்ந்து படிக்கக் கட்டணமில்லை, சிறுவர் அறிவியல் நூல்கள் தமிழிலும் ஆங்கிலத்திலும் இருக்கின்றன.