மறு: ரெட்கான் – தமிழில் என்ன சொல்லலாம்?

குழுவினருக்கு வணக்கம்.

நம் காமிக்ஸ் கலைச்சொல் பட்டியலில் 'ரெட்கான்' (retcon: ஏற்கெனவே வந்த கதைக்குப் பின்னால் வரும் கதை புதுப் பொருள் கொடுப்பது) என்ற இந்த ஒரு சொல்தான் இன்னும் இழுபறியில் இருக்கிறது. இதுவரை வந்த மடல்களுக்குச் சேர்த்தே பதில் எழுதுகிறேன். கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

> முன்கதைத் திருத்தம் என்றே வைத்துவிடலாம். வாரப் பத்திரிகைகளில் 'முன்கதைச் சுருக்கம்' படித்து வளர்ந்தவர்களுக்கு விளக்கமே வேண்டாம்.

'முன்கதை' பிரமாதம், அதை விட மனமில்லை. எனக்கு இடிப்பது 'திருத்தம்'. பிழை திருத்தினால் அடுத்த பதிப்பில் பழைய வரி இருக்காது. ரெட்கானில் நடப்பது வேறு. பழைய இதழில் ஒரு எழுத்தைக்கூட யாரும் தொடுவதில்லை, மறுபதிப்பிலும் அப்படியே வருகிறது. பிறகு வரும் இதழ்தான் 'அன்று நீங்கள் பார்த்தது உண்மையில் இது' என்கிறது.

கேப்டன் அமெரிக்காவை எடுத்துக்கொள்ளுங்கள். 1964-இல் அவெஞ்சர்ஸ் 4-ஆம் இதழில் அவரைக் கடலிலிருந்து மீட்கிறார்கள். இரண்டாம் உலகப்போர் முடியும் தறுவாயிலிருந்து பனிக்கட்டியில் உறைந்து கிடந்தாராம். அப்படியானால் 1953-54-இல் அதே பெயரில், அதே உடையில் கம்யூனிஸ்டுகளை அடித்து நொறுக்கியது யார்? பதிப்பகமான மார்வெல் அதைக் கண்டுகொள்ளாமலே விட்டிருந்தது. 1972-இல் கதாசிரியர் ஸ்டீவ் எங்கில்ஹார்ட் பதில் சொன்னார்: அது வேறு ஆள். முகத்தை மாற்றிக்கொண்டு, பெயரையும் எடுத்துக்கொண்ட வெறியன். ஐம்பதுகளின் இதழ்களில் ஒரு கட்டம்கூட மாறவில்லை. ஆனால் இன்று அவற்றைப் புரட்டுபவருக்கு நாயகன் போடும் ஒவ்வொரு கூச்சலும் வேறு மாதிரிக் கேட்கிறது.

> இடைச்செருகல் என்ற சொல் நம்மிடம் ஏற்கெனவே இருக்கிறதே?

இருக்கிறது, ஆனால் குற்றச்சாட்டாக இருக்கிறது. இடைச்செருகல் தன்னை மூலம் என்று காட்டிக்கொள்ளும், ஏட்டுக்குள்ளேயே புகுந்துகொள்ளும். ரெட்கான் தனி இதழாக, தன் தேதியோடு, தனக்கென்று ஒரு விலையோடு கடைக்கு வருகிறது.

> எதற்கு இவ்வளவு பாடு? பழைய சூப்பர் ஹீரோ காமிக்ஸை இன்று யாரால் படிக்க முடிகிறது? ரெட்கான் செய்த புதிய வடிவத்தைப் படித்தால் போதும்.

இந்த மடலுக்காகத்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். பாதி சரி. அறுபதுகளின் மார்வெல் இதழ்களில் பேச்சு அதிகம். கீழே விழும்போதுகூட நாயகன் தன் சக்தியை நமக்கு விளக்கிக்கொண்டேதான் விழுவான். முந்தைய இதழ் கிடைக்காத சிறுவனும் 12 சென்ட் கொடுத்து வாங்குவான் என்று கணக்குப் போட்டு எழுதியவை. பெண் பாத்திரங்கள் நிலைமை இன்னும் மோசம், அதற்குச் சப்பைக்கட்டு கட்ட நான் வரவில்லை.

ஆனால் 1962-இன் அமேசிங் ஃபேன்டசி 15-ஐ எடுத்துப் பாருங்கள். ஸ்பைடர்மேன் பிறந்த கதை, பதினொரே பக்கம். பென் பெரியப்பா (மொழிபெயர்ப்பில் 'மாமா' என்று போடாதீர்கள், அப்பாவின் அண்ணன்) சாவதைக் காட்டுவதே இல்லை. வீட்டு வாசலில் நிற்கும் போலீஸ்காரர் செய்தியாகச் சொல்கிறார். பெரும் சக்தியோடு பெரும் பொறுப்பும் வந்தாக வேண்டும் என்ற வரியைப் பெரியப்பா அங்கே சொல்லவில்லை. கடைசிக் கட்டத்தில், இருட்டுக்குள் நடந்து மறையும் சின்ன உருவத்தின் மேல், கதைசொல்லியின் வாசகமாக அது வருகிறது. அதாவது, யாரும் அவனுக்குப் புத்தி சொல்லவில்லை, பட்டுத் தெரிந்துகொள்கிறான். பின்னால் வந்த கதைகளும் 2002 திரைப்படமும் அந்த வரியைப் பெரியப்பாவின் வாயில் வைத்து அறிவுரையாக்கிவிட்டன. இரண்டில் எது பழசாகிவிட்டது? என்னைக் கேட்டால் டிட்கோ வரைந்த அந்தக் கட்டம் அல்ல.

எல்லா ரெட்கானும் மோசம் என்றும் சொல்லவில்லை. ஸ்வாம்ப் திங் தொடர் 1972-இல் கதாசிரியர் லென் வெய்ன், ஓவியர் பெர்னி ரைட்சன் கையில் தொடங்கியது. ஆய்வகம் வெடித்து, தீப்பற்றிய விஞ்ஞானி சதுப்பில் விழுந்து, செடிகொடி உருவமாய் எழுகிறான். மறுபடி மனிதனாக வேண்டும் என்பதுதான் அவன் ஏக்கமெல்லாம். 1984-இல் கதாசிரியர் ஆலன் மூர் 21-ஆம் இதழில் அவ்வுடலை அறுத்துப் பார்க்க வைத்தார். உள்ளே நுரையீரல் போல ஒன்று. அதைக்கொண்டு மூச்சுவிட முடியாது. விஞ்ஞானி அன்றே செத்துப்போனான், அவன் நினைவுகளை உறிஞ்சிய தாவரம்தான் தன்னை மனிதன் என்று நம்பி அலைகிறது. இதைத் தெரிந்துகொண்டு 1972 இதழ்களுக்குத் திரும்பினால் பக்கத்துக்குப் பக்கம் நெஞ்சு கனக்கிறது. ஆக, புதியதைப் படித்தால் போதும் என்ற வாதம் இங்கேயும் நிற்கவில்லை. பழைய இதழ் கையில் இல்லாவிட்டால் ரெட்கானுக்கு ஏது வேலை?

> இரும்புக்கை மாயாவி முதலில் கெட்டவன், பிறகு நல்லவன். அதுவும் ரெட்கான்தானே?

இல்லை. 1962-இல் பிரிட்டனின் வேலியண்ட் இதழில் அவர் குற்றவாளியாகத்தான் கிளம்பினார், பிறகு திருந்தி 'நிழல் படை' என்ற உளவு அமைப்புக்குப் போனார். முதலில் செய்த அட்டூழியங்கள் அட்டூழியங்களே, அவற்றுக்கு வேறு பொருள் எவரும் சொல்லவில்லை. பாத்திரம் மாறுவது வேறு, முன்கதையின் பொருள் மாறுவது வேறு.

எனவே என் பரிந்துரை: முன்கதை மாற்றுரை. குறளுக்கு மணக்குடவர் உரை இருக்க, பரிமேலழகர் தம் உரையை எழுதினார்; குறள் அப்படியே இருக்கிறது. மூலம் ஒன்று, உரை வேறு என்ற பழக்கம் நமக்குப் பழகியதுதான். பேச்சில் 'மாற்றுரை' என்று சுருக்கிக்கொள்ளலாம். வினையாக 'மாற்றுரைத்தார்கள்' கொஞ்சம் விறைப்பாக ஒலிக்கிறது என்று எனக்கே படுகிறது. மாற்றுரை எழுதினார்கள் என்றால் போயிற்று.

1985-86-இல் டிசி பதிப்பகம் 12 இதழ்களில் தன் உலகங்களையெல்லாம் கலைத்துப் போட்டதே, அதை இதில் சேர்க்காதீர்கள். அதற்குப் பின் பல கதைகள் முதலிலிருந்து தொடங்கின, ஆகவே 'மறுதொடக்கம்' போதும். கணினிக்காரர்களும் அதே சொல்லைத்தான் வைத்திருக்கிறார்கள், சண்டை வராது.

'திருத்தம்'தான் வேண்டும் என்பவர்கள் மேலே சொன்ன ஸ்வாம்ப் திங் பத்தியில் அச்சொல்லைப் போட்டு ஒரு வாக்கியம் எழுதி அனுப்புங்கள், பார்ப்போம்.