1950களின் துப்பறியும் நாவல்கள் நான்கு கையில் இருக்கின்றன, மறுபதிப்புக்கு எங்கிருந்து ஆரம்பிப்பது?

செல்லூர் கதைக்காரன்

எல்லோருக்கும் வணக்கம். நானும் க்ரைம் நாவல் எழுதுகிறவன்தான், இதுவரை 11 வந்திருக்கின்றன. போன சித்திரைத் திருவிழா சமயத்தில் திருமங்கலத்தில் ஒரு பழைய பேப்பர் கடையில் எடைக்கு வந்த கட்டுக்குள் ஒரே எழுத்தாளரின் நான்கு துப்பறியும் நாவல்கள் கிடைத்தன. 1955-க்கும் 1961-க்கும் நடுவில் வந்தவை, எல்லாக் கதையும் மதுரையிலேயே நடக்கிறது. இரண்டாவது நாவலில் கொலைகாரன், "அன்றைக்கு பஸ் அரை மணி நேரம் லேட்" என்று சொல்லித்தான் மாட்டிக்கொள்கிறான், ஏனென்றால் அவன் ஏறியதாகச் சொன்னது நேரம் தவறாததற்குப் பேர்போன டிவிஎஸ் பஸ். அந்தக் காலத்து மதுரைக்காரர் யாருக்கும் அந்த இடத்திலேயே பொறி தட்டியிருக்கும். இத்தனை வருஷம் எழுதியும் எனக்கு இப்படி ஒரு தடயம் தோன்றியதில்லை, படித்த ராத்திரி தூக்கமே வரவில்லை.

எழுத்தாளர் 1969-ல் இறந்துவிட்டார். பதிப்பகமும் இல்லை. விசாரித்து விசாரித்து உசிலம்பட்டியில் அவருடைய மகளைப் பிடித்தேன், 80 வயதை நெருங்குகிறார். வீட்டில் ஒரு பிரதிகூட இல்லை. நான் காட்டிய புத்தகத்தைக் கையில் வாங்கி, "இதை நான் வச்சுக்கிடவா தம்பி?" என்று கேட்டார். இருப்பதே ஒன்று என்பதால் கொடுக்க முடியாமல் திரும்ப வாங்கிக்கொண்டு வந்தேன். அது இன்னும் உறுத்துகிறது.

மூன்று சந்தேகம். "உரிமை பதிப்பகத்தாருக்கே" என்று உள்ளே அச்சடித்திருக்கிறது, அப்படியானால் மகளிடம் வாங்கும் அனுமதி செல்லுமா? மூன்றாவது நாவலின் நடுவில் 16 பக்கம் இல்லை, எங்கே தேடுவது? அப்புறம், நடை பழசு, ஒரு வாக்கியம் அரைப் பக்கம் ஓடுகிறது, இந்தக் கால வாசகருக்காகக் கொஞ்சம் திருத்தலாமா?

மேலமாசி வீதி பதிப்பாளர்

சார், முதல் கேள்விக்கு மட்டும் சொல்கிறேன், நாங்கள் பட்டுத் தெரிந்துகொண்டது. நம் நாட்டில் எழுத்தாளர் இறந்த வருஷத்துக்கு அடுத்த ஜனவரி 1-லிருந்து 60 வருஷம் உரிமை உண்டு. 1942-ல் காலமான வடுவூர் துரைசாமி ஐயங்காரின் நாவல்களை இன்றைக்கு யாரும் போடலாம். உங்கள் ஆள் 1969 என்றால் 2029 டிசம்பர் 31 வரை அனுமதி இல்லாமல் தொடக்கூடாது. உள்ளே அச்சடித்த அந்த வரியை மட்டும் வைத்து உரிமை கைமாறிவிட்டது என்று சொல்லிவிட முடியாது, எழுத்தாளர் எழுத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்க வேண்டும். அப்படி ஒரு தாள் இருக்கிறதா என்று குடும்பத்தில் கேளுங்கள், அன்றைக்கு ஒரேயடியாக ஒரு தொகைக்கு எழுதிக் கொடுத்தவர்களும் உண்டு, அது கிடைத்தால் ஒரு வக்கீலிடம் காட்டாமல் நகராதீர்கள்.

மகள் ஒருவர் கையெழுத்து போதாது. வாரிசுகள் எல்லோரும் போட வேண்டும். ஒரு புத்தகத்தில் நாங்கள் அண்ணனிடம் மட்டும் வாங்கிவிட்டோம், அச்சாகி வந்த பிறகு தங்கச்சி வீட்டிலிருந்து நோட்டீஸ் வந்தது, 500 பிரதியும் கட்டுப் பிரிக்காமல் ஒன்றரை வருஷம் கிடந்தன. இன்னொன்று, ஒப்பந்தத்தில் எத்தனை வருஷம் என்று எழுதாவிட்டால் சட்டப்படி 5 வருஷம், எந்த நாடு என்று எழுதாவிட்டால் இந்தியா மட்டும். இலங்கை, மலேசியா, சிங்கப்பூர் வாசகர்களை நினைத்து அதைக் கட்டாயம் சேருங்கள். வாங்கி ஒரு வருஷத்துக்குள் பயன்படுத்தாவிட்டால் உரிமை போய்விடும் என்றும் இருக்கிறது, வேறு மாதிரி எழுதிக்கொண்டால்தான் தப்பிக்கலாம். பழைய அட்டைப் படம் வேண்டுமென்றால் ஓவியர் குடும்பத்திடம் தனியாகக் கேட்க வேண்டும்.

திருநகர் டீச்சர்

16 பக்கம் என்றால் பைண்டிங்கில் ஒரு பாரம், அதாவது ஒரே தாளில் அச்சடித்து மடித்த பக்கங்கள், முழுசாக விட்டுப்போயிருக்கிறது, அந்தக் குறை அநேகமாக உங்கள் பிரதியில் மட்டும்தான் இருக்கும், கவலைப்படாதீர்கள். 1954-ல் வந்த சட்டப்படி அச்சாகும் ஒவ்வொரு புத்தகத்திலும் ஒரு பிரதி சென்னை கன்னிமாரா நூலகத்துக்குப் போக வேண்டும், முதலில் அங்கே பாருங்கள். இல்லையென்றால் தரமணியில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம். கோட்டையூரில் ஒரு தனி மனிதர் சேர்த்து வைத்ததில் தொடங்கியது அது, மற்றவர்கள் தூக்கிப் போட்டதை எல்லாம் அவர் சேர்த்தார், அதனால் இந்த மாதிரி நாவல்களுக்கு நம்பிப் போகலாம்.

தட்டச்சு செய்யும்போது ஜாக்கிரதை. 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய அச்சு என்பதால் லை, ளை, னை எல்லாம் யானைத் தும்பிக்கை மாதிரி வளைவு போட்டு இருக்கும், றா, னா எல்லாம் சுழித்து இருக்கும். படத்திலிருந்து எழுத்தைப் பிரிக்கும் மென்பொருள் அங்கே தடுமாறும், ர-வையும் துணைக்காலையும் குழப்பும். தேய்ந்த ஈய எழுத்தில் புள்ளி விழுந்திருக்காது, தடயமே ஒரு பெயரில் இருக்கிற கதையில் புள்ளி போனால் என்ன ஆகும்! ஒருவர் மூலத்தைச் சத்தமாக வாசிக்க இன்னொருவர் தட்டச்சைப் பார்ப்பதுதான் நம்பகமான வழி. எனக்குச் சனி, ஞாயிறு ஓய்வுதான், வாசிக்க நான் வருகிறேன்.

வைகைக்கரை

நடையைத் திருத்துங்கள் என்றுதான் சொல்வேன். என் பிள்ளைகள் கல்லூரியில் படிக்கிறார்கள், "யாது காரணம் பற்றியோ" என்று ஆரம்பித்தால் அடுத்த பக்கம் போக மாட்டார்கள். ஜாதியைச் சொல்லி இழிவாகப் பேசும் இடங்கள் இருந்தால் அதையும் எடுத்துவிடலாம். வாசிக்கவே ஆளில்லாமல் அப்படியே போட்டு என்ன பயன்?

கோரிப்பாளையம் வாசகி

வைகைக்கரை அண்ணே, கோபித்துக்கொள்ளாதீர்கள், நான் இதற்கு முழுக்க எதிர். அரைப் பக்க வாக்கியத்தில் ஒரு அரை வரிக்குள்தான் அந்தக் காலத்து ஆட்கள் தடயத்தை ஒளித்து வைத்தார்கள். வெட்டினால் எது போகும் என்று நமக்கே தெரியாது. இழிவான பேச்சு இருந்தால் இருக்கிறது என்று முன்னுரையில் நேராகச் சொல்லிக் கண்டியுங்கள், துடைத்துவிட்டால் அப்போது ஊர் எவ்வளவு நல்லாயிருந்தது என்று அல்லவா பிள்ளைகள் நினைப்பார்கள்?

பிள்ளைகளுக்குப் புரியவில்லை என்பது நியாயம்தான். அதற்குத்தான் கதைக்காரன் சாரே இருக்கிறார். பிரிட்டிஷ் லைப்ரரி போடும் பழைய துப்பறியும் நாவல் வரிசைக்கு ஆலோசகர் மார்ட்டின் எட்வர்ட்ஸ், அவரும் க்ரைம் நாவலாசிரியர், வக்கீலும்கூட. அவர் எழுதும் முன்னுரைகள்தான் அந்த மறந்துபோன எழுத்தாளர்களை நமக்கு அறிமுகம் செய்கின்றன. அதில் 1937-ல் வந்த ஒரு நாவல் 2014 கிறிஸ்துமஸுக்கு அமோகமாக விற்றது. டிவிஎஸ் பஸ்ஸை வைத்துக் கடிகாரத்தைச் சரி பண்ணுவார்கள் என்று இங்கே சொல்வார்கள், 1972-ல் அந்த பஸ்களை அரசு எடுத்துக்கொண்டு பாண்டியன் போக்குவரத்துக் கழகம் வந்த பிறகு பிறந்தவர்களுக்கு அது எப்படித் தெரியும்? அதை முன்னுரையில் கதையோடு ஒட்டாமல் பொதுவாகச் சொல்லி வையுங்கள், தடயம் வரும்போது வாசகனே பிடித்துக்கொள்வான். ட்ரங்க் கால், அணாக் கணக்குக்கும் அப்படித்தான். தடயம் வரும் பக்கத்திலேயே அடிக்குறிப்பு மட்டும் போட்டுவிடாதீர்கள், அது கொலைகாரனைக் காட்டிக் கொடுத்துவிடும்.

செல்லூர் கதைக்காரன்

எல்லோருக்கும் நன்றி. திருத்தவில்லை, வாசகி சொன்னதுதான் சரி. நான் திருத்தத் தொடங்கியிருந்தால் என் நடைக்குத்தான் கொண்டுவந்திருப்பேன். டீச்சர், அடுத்த சனிக்கிழமை சிம்மக்கல் மைய நூலகத்து வாசலில் 10 மணிக்குச் சந்திக்கலாமா?

வாரிசு விஷயத்தில்தான் சிக்கல். அந்த அம்மாவுக்குத் தேனியில் ஒரு தம்பி இருக்கிறார், வீட்டுப் பங்கில் சண்டையாகிப் பேச்சே இல்லையாம். நான் மட்டும் போய்க் கேட்கிறேன் என்றேன். "வேணாம் தம்பி, அப்பா புத்தகம்னா நானே வந்து கேக்குறேன்" என்கிறார். வியாழக்கிழமை உசிலம்பட்டியிலிருந்து அவரைக் கூட்டிக்கொண்டு பஸ்ஸில் போகிறேன். நான்கு நாவலையும் பையில் எடுத்து வைத்துவிட்டேன்.