டுவெமர் இனம் மறைந்தது நீதியா?

கேள்வி (வியாசர்பாடி):
'எல்டர் ஸ்க்ரோல்ஸ்' கணினி விளையாட்டுகளின் கற்பனை உலகில், நார்டுகள் என்ற மனித இனத்துக்கு அஞ்சி அடைக்கலம் கேட்டு வந்த பனி எல்ஃபுகள் என்ற இனத்தாருக்கு நச்சுக் காளானை உண்ணக் கொடுத்து, பார்வையைப் பறித்து அடிமைகளாக்கிய டுவெமர் என்ற இன்னோர் எல்ஃப் இனத்தார், முதல் யுகம் 700-இல் ஒரே நொடியில் மறைந்தார்கள். அந்த வரிசையில் 2011-இல் வந்த ஸ்கைரிமை ஆடும்போதெல்லாம், இது வினைக்கேற்ற கூலிதானே என்று தோன்றுகிறது. சரியா?

மறுமொழி (ராயபுரம்):
தம்பி, வினையும் கூலியும் இங்கே பொருந்தவில்லை. காளானுக்காக யாரும் அவர்களைத் தண்டிக்கவில்லை. செம்மலைப் போரில் ககிரெனாக் என்ற டுவெமர் தலைமைக் கம்மியர், லோர்கான் என்ற தெய்வத்தின் இதயத்தின்மீது தம் கருவிகளைப் பயன்படுத்தியதே காரணம் என்பதுதான் பலரும் ஏற்கும் விளக்கம். முன்பே பிரிந்து ஹாமர்ஃபெல் என்ற நாட்டுக்குக் குடிபெயர்ந்த ரூர்கன் என்ற டுவெமர் குலமும் அதே நொடியில் மறைந்தது. மதுரையை எரித்த கண்ணகிகூட முதியோரையும் குழந்தைகளையும் விலக்கிவிடும்படி தீயிடம் சொன்னாளே!

மறுமொழி (திருவொற்றியூர்):
குழந்தைகளைப் பற்றி எனக்கும் மறுப்பில்லை, அண்ணா. ஆனால் டுவெமரின் பாழ்நகரங்களில் கல்மேசைமேல் உலோகக் கிண்ணங்கள் இன்னும் கிடக்கின்றன. குருடாக்கப்பட்டவர்களின் உழைப்பில் வாழ்ந்த வீடுகள் அவை. ஆலைப் புகையை நாம் முகர, அதன் பயனை நகரின் மறுகோடியில் துய்ப்பவர் 'எனக்கென்ன தெரியும்' என்றால் ஒப்புக்கொள்வோமா?

கேள்வி கேட்டவர்:
அதே வரிசையில் 2002-இல் வந்த மாரோவிண்ட் விளையாட்டில் யாக்ரம் பாகார்ன் என்ற டுவெமரைச் சந்தித்திருக்கிறேன். வேறோர் உலகில் இருந்ததால் தப்பி, திரும்பி வந்து தன் இனத்தாரைத் தேடி அலைந்தவர். நோயால் ஊதிப்போன உடலோடு இயந்திரக் கால்களின்மேல் அமர்ந்திருந்த அவரிடம் இந்தக் கணக்கைக் கேட்க எனக்கு வாய் வரவில்லை.