வி-கிராஸ் லிஃப்ட் கிட்: முன்னால் ‘டக்’ சத்தம், பின்னால் குதிப்பு, ஸ்டியரிங் அலைகிறது. எதில் ஆரம்பிப்பது?

மேடவாக்கம் ஃபோர்பைஃபோர்

வணக்கம். வண்டி இசுஸு வி-கிராஸ், 1.9 டீசல், ஃபோர் வீல் டிரைவ். வார நாளில் ஓஎம்ஆர், லீவு நாளில் ஜவ்வாது மலை, நாகலாபுரம் பக்கத்து மண்பாதை. வண்டியின் உயரத்தை ஏற்றுகிற வெளிநாட்டு லிஃப்ட் கிட் போட்டிருக்கிறேன். முன்னால் காயில் ஸ்பிரிங்கும் ஷாக்கும், பின்னால் முழு பட்டை (லீஃப் ஸ்பிரிங்) செட், ஷாக், பட்டையைச் சேஸியோடு சேர்க்கிற சேக்கிள், ஆக்சிலோடு கட்டுகிற யூ போல்ட். பெட்டியில் ‘முன் 50–110 கிலோ, பின் 500 கிலோ நிரந்தரச் சுமை’ என்று இருக்கிறது. முன்பக்கம் இன்னும் கொஞ்சம் ஏறட்டும் என்று ஒர்க்‌ஷாப்பில் காயிலுக்கு மேலே 10 மிமீ ஸ்பேசரும் (இடைவளையம்) வைத்துக் கொடுத்தார்கள். டயர் கம்பெனி சைஸ், 255/60 ஆர்18.

இப்போது நாலு தொல்லை. ஸ்பீடு பிரேக்கரை விட்டு இறங்கும்போது முன்னால் இரண்டு பக்கமும் ‘டக்’. காலி வண்டியில் பின்பக்கம் குதிக்கிறது. 80-க்கு மேல் ஸ்டியரிங் நேரே நிற்காமல் அலைகிறது, இடப்பக்கம் லேசாக இழுக்கவும் செய்கிறது. நின்ற இடத்திலிருந்து கிளம்பும்போது 20–40 வேகத்தில் சீட்டுக்கு அடியில் அதிர்வு.

ஹப் நடுவிலிருந்து ஃபெண்டர் விளிம்பு வரை அளவு: முன்னால் 505 மிமீ இருந்தது, இப்போது 575. பின்னால் 540 இருந்தது, இப்போது 605. எதிலிருந்து தொடங்கலாம்?

அம்பத்தூர் பட்டறை

முதலில் அந்த ‘டக்’கைப் பாருங்கள் சார், மீதி பாதி அதிலிருந்தே தெரிந்துவிடும். சமதளத்தில் நிறுத்தி, பின்சக்கரத்துக்குக் கட்டை கொடுத்து, ஹேண்ட்பிரேக் போட்டு, சேஸிக்கு அடியில் ஜாக்கி வைத்து முன்பக்கத்தை ஏற்றுங்கள். சக்கரத்தைக் கீழே பிடித்திருக்கிற லோயர் ஆர்மில் ஜாக்கி வைக்கக் கூடாது, சக்கரம் தானாகத் தொங்க வேண்டும். டயர் தரையை விட்டதும் ஸ்டாண்டு கொடுத்துவிட்டு அதே ஹப்–ஃபெண்டர் அளவை மறுபடி எடுங்கள். அந்த அளவிலிருந்து 575-ஐக் கழித்தால் வருவதுதான் சக்கரம் கீழே இறங்க மிச்சமிருக்கிற தூரம். 50 மிமீக்குக் குறைவு என்றால் பள்ளத்தில் சக்கரம் இறங்குகிற ஒவ்வொரு தடவையும் ஷாக் முழு நீளத்துக்கு நீண்டு உள்ளே முட்டுகிறது. அதுதான் அந்தச் சத்தம். இப்படியே ஓட்டினால் ஷாக்கின் உள்முனை கழன்று ஆயில் கசியும்.

மேடவாக்கம் ஃபோர்பைஃபோர்

பார்த்தேன் அண்ணே. தொங்கும்போது 600. மிச்சம் 25 மிமீதான்.

அம்பத்தூர் பட்டறை

அப்போது சந்தேகமே இல்லை, ஷாக் முட்டுகிறது. இந்த வண்டியில் முன்பக்கம் டபுள் விஷ்போன், அதாவது சக்கரத்தை மேலே ஒரு ஆர்மும் கீழே ஒரு ஆர்மும் பிடித்திருக்கும். காயில் லோயர் ஆர்மின் நடுவாக்கில் உட்காருகிறது, அதனால் மேலே 10 மிமீ ஸ்பேசர் வைத்தால் சக்கரத்தில் 18–20 மிமீ ஏறும். ஆனால் ஸ்பிரிங்குக்கும் மேல் கப்புக்கும் நடுவில் வைக்கிற ஸ்பேசர் ஷாக்கின் நீளத்தைக் கூட்டாது. நிற்கிற உயரம் ஏறுகிறது, தொங்குகிற உயரம் அப்படியே இருக்கிறது. ஏறிய அளவு முழுவதும் சக்கரம் கீழே இறங்குகிற தூரத்திலிருந்துதான் வெட்டுப்படுகிறது. மலைப்பாதையில் சக்கரம் தரையைத் தேடிப் போய்த் தொட வேண்டும். நீங்கள் அதை மேலேயே கட்டிப் போட்டிருக்கிறீர்கள்.

ஷாக் மவுண்டுக்கு மேலே, டவருக்கு அடியில் ஸ்பேசர் வைத்தால் சரியாகுமா என்று கேட்பார்கள். அப்போது தொங்கும் தூரம் திரும்பக் கிடைக்கும். ஆனால் முன்சக்கரத்துக்குச் சக்தி கொண்டுபோகிற சிவி ஜாயிண்ட்டின் கோணம் எல்லை தாண்டும், அப்பர் ஆர்ம் காயிலில் உரசலாம், பம்ப் ஸ்டாப் என்கிற ரப்பர் தடுப்பு தொடும் முன்பே ஷாக் அடியில் இடிக்கும். இரண்டு வகையும் வேண்டாம்.

செங்குன்றம் சவாரி

முதல் பதிவிலேயே ஒரு விஷயம் கண்ணில் பட்டது. முன்பக்க ஸ்பிரிங் 50–110 கிலோ கூடுதல் எடைக்கானது. வெளிநாட்டில் இந்தக் கிட்டை வாங்குகிறவர் பம்பருக்கு முன்னால் இரும்பு புல் பாரும், வண்டியை இழுக்கிற வின்ச்சும் போடுவார் என்று வைத்துச் செய்த ஸ்பிரிங் அது. இங்கே புல் பார் கூடாது என்று மத்திய போக்குவரத்து அமைச்சகம் 2017 டிசம்பரிலேயே எல்லா மாநிலங்களுக்கும் எழுதிவிட்டது. உங்கள் வண்டியின் முன்னால் அந்த எடை இல்லை, இனி வரப்போவதும் இல்லை. ஸ்பேசரைக் கழற்றினால் 557 பக்கம் வரும், மிச்சம் 43. அதுவும் பற்றாது. 0–50 கிலோ ஸ்பிரிங்காக மாற்றச் சொல்லுங்கள். ஷாக் அதேதான். பெரும்பாலும் ஸ்பிரிங் மட்டும் தனியாகக் கிடைக்கும்.

எந்த ஸ்பிரிங் என்று முடிவு செய்யும் முன் வண்டியை எடை போடுங்கள். இங்கே அரிசி ஆலைகள் பக்கம் லாரிக்கான எடை மேடை இருக்கிறது. முன்சக்கரம் மட்டும் மேடையில் ஒரு தடவை, முழு வண்டி ஒரு தடவை, பின்சக்கரம் மட்டும் ஒரு தடவை. காலியாகவும், மலைக்குப் போகிற சாமானோடும் இரண்டு முறை. டீசல் டேங்க் இரண்டு முறையும் ஒரே அளவில் இருக்கட்டும். உயரத்தைப் பார்த்து கிட் வாங்குகிறவர்களே அதிகம். எடையைப் பார்த்துத்தான் ஸ்பிரிங் எடுக்க வேண்டும், உயரம் அதோடு வருவது.

மேடவாக்கம் ஃபோர்பைஃபோர்

எடை போட்டேன். டென்ட், தண்ணீர் கேன், மீட்பு சாமான் எல்லாம் ஏற்றினால் பின் ஆக்சிலில் காலி வண்டியைவிட 150 கிலோதான் கூடுகிறது. 500 கிலோ பட்டை எனக்குத் தேவையே இல்லை என்று புரிகிறது. முழு செட்டையும் மாற்ற வேண்டுமா, ஒரு பட்டையை உருவினால் போதுமா?

அம்பத்தூர் பட்டறை

எத்தனை பட்டை, என்ன கனம்?

மேடவாக்கம் ஃபோர்பைஃபோர்

மேலே ஐந்து, ஒவ்வொன்றும் 8 மிமீ. அடியில் நேராக ஒரு தடித்த பட்டை, 12 மிமீ.

அம்பத்தூர் பட்டறை

அடிப்பட்டை காலி வண்டியில் வேலை செய்யாது, பாரம் ஏறினால்தான் தொடும். அதை விட்டுவிடலாம். மேலே உள்ள ஐந்தும் ஒரே கனம் என்பதால் ஒன்றை எடுத்தால் விறைப்பு கிட்டத்தட்ட ஐந்தில் ஒரு பங்கு குறையும். கனம் ஏன் முக்கியம் என்றால், பட்டையின் விறைப்பு கனத்தின் மும்மடிப் பெருக்கத்தில் ஏறும். 7 மிமீ பட்டைக்குப் பதில் 8 மிமீ போட்டால் ஒன்றரை மடங்கு விறைப்பு. ‘ஒரு மில்லிதானே’ என்று கடையில் கிடைத்த பட்டையைச் சொருகுவதால்தான் பல வண்டிகள் குதிக்கின்றன.

எதை எடுக்கிறோம் என்பதில் கவனம் வேண்டும். மெயின் பட்டையையும், அதன் கண்ணைச் சுற்றி வருகிற இரண்டாம் பட்டையையும் தொடவே கூடாது. மெயின் ஒடிந்தால் ஆக்சிலைப் பிடித்து நிறுத்துவது அந்த இரண்டாவதுதான். மூன்றாவதை எடுத்தால் நீளப் படிக்கட்டில் பெரிய இடைவெளி விழுந்து, அந்த இடத்தில் மேல்பட்டை ஒடியும். ஐந்தாவதை, அதாவது குட்டையானதை எடுங்கள். இரண்டு பக்கமும் அதே பட்டை. செட்டைப் பிரிக்கும்போது சி-கிளாம்ப் இரண்டு போட்டு இறுக்கிவிட்டுத்தான் செண்டர் போல்ட்டைக் கழற்ற வேண்டும். சும்மா கழற்றினால் பட்டை தெறிக்கும், கை போய்விடும்.

திரும்பப் போடும்போது செண்டர் போல்ட் புதிது. யூ போல்ட்டும் புதிது, கழற்றிய பழையதை மறுபடி போடவே கூடாது, இழுபட்ட மரை மீண்டும் பிடிக்காது. அடுக்கு 8 மிமீ குறைந்துவிட்டதால் நட் மரையின் அடிவரை போய் நின்றுவிடுகிறதா என்று பாருங்கள். அங்கே நின்றால் இறுக்க அளவைக் காட்டுகிற டார்க் ரெஞ்ச் ‘டிக்’ என்னும், பட்டை மட்டும் இறுகியிருக்காது. நாலு நட்டையும் குறுக்காக, மூன்று தவணையில், கையேட்டில் உள்ள டார்க்குக்கு இறுக்குங்கள். 500 கிலோமீட்டர் ஓடியதும் இன்னொரு முறை.

சேக்கிள் போல்ட்டும் பட்டைக்கண் போல்ட்டும் வண்டி தன் சக்கரத்தில் நிற்கும்போதுதான் கடைசி இறுக்கம். தொங்கலில் இறுக்கினால் புஷ் முறுக்கிக்கொண்டே இருக்கும். ரப்பர் புஷ் சீக்கிரம் கிழியும், காலி வண்டி இன்னும் விறைப்பாகத் தெரியும். இறக்கியதும் சேக்கிளைப் பக்கவாட்டில் பாருங்கள். அதன் கீழ்முனை ஆக்சில் பக்கம் சாய்ந்திருந்தால் பட்டையின் வளைவு இன்னும் அதிகம் என்று அர்த்தம். கீழ்முனை பின்னால் சாய்ந்திருக்க வேண்டும்.

கிண்டி அலைன்மென்ட்

ஸ்டியரிங் அலைச்சலுக்கு வருகிறேன். கடைசியாக எடுத்த அலைன்மென்ட் பிரிண்ட் இருக்கிறதா? ‘எல்லாம் பச்சை’, அதாவது அளவுக்குள் இருக்கிறது என்று சொல்லி அனுப்பியிருப்பார்கள்.

மேடவாக்கம் ஃபோர்பைஃபோர்

டோவும் (சக்கரம் உள்ளே–வெளியே திரும்பிய அளவு) கேம்பரும் (சக்கரத்தின் பக்கவாட்டுச் சாய்வு) பச்சை. கேஸ்டர் (சக்கரம் திரும்புகிற அச்சின் முன்–பின் சாய்வு) இடது 1.4, வலது 2.1 டிகிரி. அதைப் பற்றி யாரும் பேசவில்லை சார்.

கிண்டி அலைன்மென்ட்

சின்ன கார் பெரும்பாலானவற்றில் டோவை மட்டும்தான் திருத்த முடியும், அதனால் பல கடைகளில் அதோடு நிறுத்திவிடுகிறார்கள். டபுள் விஷ்போன் வண்டியை ஏற்றினால் மேல் பால் ஜாயிண்ட் முன்னால் நகர்ந்து கேஸ்டர் குறையும். கேஸ்டர்தான் ஸ்டியரிங்கைத் தானாக நேருக்குத் திருப்புவது. 1.4 இருந்தால் அலையத்தான் செய்யும். கேஸ்டர் குறைந்த பக்கம் வண்டி இழுக்கும், உங்களுக்கு இடது. நம் ரோடே இடப்பக்கம் சரிந்திருப்பதால் அது இன்னும் தெரியும்.

லோயர் ஆர்மின் உட்பக்கத்தில் இருக்கிற கேம் போல்ட்டுகளால் கேஸ்டரையும் கேம்பரையும் சேர்த்துத் திருத்தச் சொல்லுங்கள். இரண்டு பக்கமும் 2.5-லிருந்து 3.5 டிகிரிக்குள், பக்கத்துக்குப் பக்கம் வித்தியாசம் அரை டிகிரிக்குள். கேம்பர் பூஜ்யத்தை ஒட்டி. கேம் போல்ட் முழுக்கத் திருகியும் 2.5 வரவில்லை என்றால்தான் தனி அப்பர் ஆர்ம். 0–50 கிலோ ஸ்பிரிங்கில் வரும் 40 மிமீ உயரத்துக்குப் பெரும்பாலும் தேவைப்படாது. முதலில் ஸ்பிரிங்கை மாற்றுங்கள், சில நூறு கிலோமீட்டர் ஓடி உட்காரட்டும், அதற்குப் பிறகு வாருங்கள். இப்போதே செய்தால் காசு வீண். முடிந்ததும் ஹெட்லைட் மட்டத்தையும் இறக்குங்கள். இப்போது எதிரே வருகிறவர் கண்ணில்தான் அடித்துக்கொண்டிருக்கும்.

செங்குன்றம் சவாரி

ஸ்பிரிங் மாற்றும்போது சக்கரம் முழுக்கத் தொங்கும் நிலையில் ஸ்டியரிங்கை இரண்டு கோடிக்கும் திருப்பி, பிரேக் ஹோஸும் ஏபிஎஸ் ஒயரும் இழுபடுகிறதா பாருங்கள். சிவி ஜாயிண்ட்டை மூடியிருக்கிற ரப்பர் உறையின் (சிவி பூட்) மடிப்புகள் ஒன்றோடொன்று உரசினால் கிரீஸ் சீக்கிரம் வெளியே வரும். 70 மிமீ ஏற்றத்தில் உரசியிருக்க வாய்ப்பு அதிகம், இப்போதே துடைத்துப் பாருங்கள். முன் டிஃப்ரென்ஷியலைக் கீழே இறக்குகிற டிஃப் டிராப் ஸ்பேசர் போடச் சொல்வார்கள், 40 மிமீக்கு வேண்டாம். போட்டால் டிஃப்ரென்ஷியல் 25 மிமீ கீழே வந்து கல்லில் முதலில் அதுதான் இடிக்கும்.

டயருக்கு ஆசை வந்தால் 265/60 ஆர்18 வரை போங்கள். விட்டம் 763-லிருந்து 775, ஸ்பீடோ வித்தியாசம் ஒன்றரை சதவீதம்தான். 265/70 ஆர்17 போட்டால் 803. மீட்டர் 100 காட்டும்போது நிஜத்தில் 105, முழுத் திருப்பத்தில் உரசவும் செய்யலாம்.

அடுத்து சட்டம். மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவின்படி ஆர்சியில் உள்ள கம்பெனி விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது, 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. போட்ட பாகங்களை இன்சூரன்ஸுக்கு எழுத்தில் தெரிவியுங்கள். பழைய பட்டை, ஸ்பிரிங், ஷாக் எதையும் புதுப்பேட்டைப் பழைய பாகக் கடைகளில் போட்டுவிடாதீர்கள்.

இன்னொன்று, கேட்காமலே சொல்கிறேன். சென்னையில் இருக்கிறவருக்கு லிஃப்டைவிட முதலில் தேவை டிஃப்ரென்ஷியலின் காற்றுத் துளையான பிரீதரை உயர்த்துவது. வேளச்சேரித் தண்ணீரில் சூடான ஆக்சில் இறங்கினால் உள்காற்று சுருங்கித் தண்ணீரை உறிஞ்சும். டீசல் தாங்குகிற ரப்பர் ஹோஸ் ஒரு மீட்டர், முனையில் சின்ன ஃபில்டர், பாடிக்கு அடியில் உயரமான இடத்தில் கட்டினால் தீர்ந்தது. கடற்கரை மணலுக்கு மட்டும் வண்டியை இறக்க வேண்டாம். ஜனவரியிலிருந்து ஏப்ரல் வரை பெசன்ட் நகர், நீலாங்கரைக் கரையில் பங்குனி ஆமை முட்டையிடுகிறது.

மேடவாக்கம் ஃபோர்பைஃபோர்

0–50 கிலோ ஸ்பிரிங் போட்டு ஸ்பேசரை எடுத்தாயிற்று. முன்னால் 545, தொங்கினால் 600, சத்தம் இல்லை. பின்னால் ஐந்தாம் பட்டையை எடுத்தபின் 575, குதிப்பு நன்றாகக் குறைந்தது. கேஸ்டர் இடது 2.8, வலது 3.0, கையை லேசாக விட்டாலும் நேரே போகிறது. அதிர்வு பாதி குறைந்திருக்கிறது, ஆனால் சாமான் இல்லாமல் ஏற்றத்தில் கிளம்பும்போது 20–40 வேகத்தில் இன்னும் இருக்கிறது. டூ ஹையிலும் (பின்சக்கரம் மட்டும்) ஃபோர் ஹையிலும் (நாலு சக்கரமும்) ஒரே மாதிரி.

அம்பத்தூர் பட்டறை

இரண்டிலும் ஒரே மாதிரி என்றால் முன் ஆக்சில் இல்லை, பின் ஆக்சிலுக்குச் சக்தி கொண்டுபோகிற பின் ஷாஃப்ட். வேகம் ஏற ஏறக் கூடினால் பேலன்ஸ் அல்லது டயர். கிளம்பும்போது மட்டும் வந்து 40-க்கு மேல் மறைந்தால் கோணம். இரண்டு துண்டு புரொப்பெல்லர் ஷாஃப்ட்டில் பின்பக்கம் ஏறியதும், ஷாஃப்ட்டை நடுவில் தாங்குகிற செண்டர் பேரிங் இருக்கிற மூட்டின் கோணம் மாறிவிடும்.

செண்டர் பேரிங் பிராக்கெட்டுக்கும் சேஸி குறுக்குச் சட்டத்துக்கும் நடுவில் இரண்டு பக்கமும் 6 மிமீ எஃகு ஸ்பேசர் வைத்துப் பாருங்கள். போல்ட் 8.8 கிரேடு, அதே மரை, நீளம் 6 மிமீ அதிகம். வாஷரை அடுக்கி வைக்க வேண்டாம், அது தளர்ந்துவிடும். ஷாஃப்ட்டைக் கழற்றினால் மூட்டு இரண்டிலும் சுண்ணாம்புக் குறி போட்டு அதே இடத்தில் சேருங்கள், ஒரு பல் மாறினாலும் புது அதிர்வு வரும். பேரிங்கைச் சுற்றியுள்ள ரப்பர் கிழிந்திருந்தால் ஸ்பேசர் உதவாது, முதலில் அதை மாற்றுங்கள். 6 மிமீயில் குறைந்து முழுதாகப் போகவில்லை என்றால் 10 மிமீ வரை போகலாம். 6-லேயே கூடினால் ஸ்பேசரை எடுத்துவிட்டு, பட்டைக்கும் ஆக்சிலுக்கும் நடுவே 2 டிகிரி எஃகு ஆப்பு வைத்து, ஷாஃப்ட் வந்து சேர்கிற பினியனைத் திருப்ப வேண்டியிருக்கும். அலுமினிய ஆப்பு வேண்டாம், நசுங்கி யூ போல்ட் தளரும். அந்த வேலை வந்தால் மறுபடியும் யூ போல்ட் புதிது வாங்க வேண்டும் சார், அதையும் சேர்த்துக் கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.